அறுபத்திரண்டாம் பக்கம்

என் மாப்பிள்ளைக்கு நான்கு குரல்கள். இதை நான் புகழ்ந்தும் சொல்லவில்லை, குறையாகவும் சொல்லவில்லை. சிலரிடம் நான்கு சட்டை இருக்கிறது, இவரிடம் நான்கு குரல் இருக்கிறது, அவ்வளவுதான்.

அவர் ஓர் இணைய இணைப்பு நிறுவனத்தில் குறை கேட்கும் பிரிவில் இருக்கிறார். பெரும்பாலும் வீட்டிலிருந்தே வேலை. படுக்கையறையை ஒட்டிய சின்ன அறையில், துணி காயும் கொடிக்குக் கீழே உட்கார்ந்து ஹெட்செட்டை மாட்டினால் முதல் குரல் வந்துவிடும். "ஷ்யூர் சார். டெஃபனட்லி சார். உங்க கஷ்டம் எனக்குப் புரியுது சார்." எண்ணெய் போட்ட கதவு மாதிரி சத்தமில்லாமல் திறந்து மூடும் குரல். மேனேஜரிடமும் இதே குரல்தான். சரியாக ஏழு மணிக்கு அவருடைய அம்மா, அதாவது என் சம்பந்தியம்மா, ஃபோன் செய்வார். உடனே மாப்பிள்ளைக்கு முப்பது வயது குறைந்துவிடும். "சாப்ட்டேம்மா. இல்லம்மா, இளைக்கலம்மா. வெந்நீர்தாம்மா குடிக்கிறேன்." இதைச் சொல்லும்போது கையில் ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த பாட்டில் வியர்த்துக்கொண்டிருக்கும். நண்பர்கள் அழைத்தால் "டேய் மச்சான்" என்று தொடங்கும் மூன்றாவது குரல். அதில் வரும் மற்ற சொற்களை அச்சில் போட முடியாது.

நான்காவது குரல் எனக்கே எனக்கானது. ஒன்பது வருடங்களுக்கு முன், கல்யாணம் பேச அவர் முதன்முதலாக எங்கள் வீட்டுக்கு வந்தபோது, "பொண்ணோட அப்பா நாடகக்காரர், தமிழ்னா உயிரையே விடுவார்" என்று யாரோ அவரிடம் பற்றவைத்துவிட்டார்கள். மனிதர் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, "வணக்கம் ஐயா. தங்களைச் சந்திப்பதில் பெருமகிழ்ச்சி அடைகிறேன்" என்றார். ஒருவர் அவ்வளவு சிரமப்பட்டுப் பேசும்போது நான் மட்டும் "வாங்க, உக்காருங்க" என்றால் நன்றாக இருக்குமா? "வருக, அமர்க" என்றேன். அன்றைக்கு மாட்டிக்கொண்டோம். எப்படி நிறுத்துவது என்று அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. சென்ற மாதம் குளியலறைக் குழாய் பிய்த்துக்கொண்டு கூடம்வரை தண்ணீர் வந்தது. "மாமா, தாங்கள் சற்றே விலகி நில்லுங்கள், வெள்ளம் பெருக்கெடுத்து வருகிறது!" என்று அலறினார். "ஆகட்டும்!" என்று அலறிவிட்டு நான் நாற்காலி மேல் ஏறிக்கொண்டேன்.

நான் கூட்டிச் சொல்வதாக நினைப்பவர்கள் எங்கள் கட்டடத்து வாட்ச்மேனின் நோட்டைப் பார்க்கலாம். எங்கள் வீட்டு எண்ணுக்கு எதிரே "ஆண்கள் ஐந்து, பெண் ஒன்று" என்று எழுதி வைத்திருக்கிறார். அவர் கதவுக்கு வெளியே நின்று காதால் எண்ணியவர். அவரைக் குறை சொல்ல முடியாது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். ஒருமுறை எங்கள் வீட்டு இணைப்பே போய்விட்டது. மாப்பிள்ளை கைப்பேசியை எடுத்து, மச்சான் குரலில், தன் நிறுவனத்துக்கே புகார் கொடுக்க அழைத்தார். அழைப்பு எங்கெங்கோ சுற்றி அவருடைய ஹெட்செட்டிலேயே வந்து விழுந்தது. இணைப்பு இல்லாமல் எப்படி வந்தது என்று கேட்காதீர்கள், நானும் கேட்கவில்லை. இடது காதில் கைப்பேசி, வலது காதில் ஹெட்செட். "என்னய்யா நினைச்சுக்கிட்டிருக்கீங்க?" இது இடது. "ஐ அண்டர்ஸ்டாண்ட் சார், ஒரு நிமிஷம் ஹோல்ட் பண்ண முடியுமா சார்?" இது வலது. தான் போட்ட இசையைத் தானே ஒன்றரை நிமிடம் கேட்டுக்கொண்டு காத்திருந்தார். புகார் எண் கொடுத்தார், எழுதிக்கொண்டார். நாற்பத்தெட்டு மணி நேரம் பொறுக்கச் சொன்னார், பொறுத்தார். சேவைக்கு மதிப்பெண் கேட்டபோது ஐந்துக்கு மூன்றுதான் போட்டார். அந்த மூன்றுக்காக மேனேஜர் அவரிடம் விளக்கம் கேட்டதாகக் கேள்வி.

இத்தனையையும் சுவருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தவள் என் மகள். அவளுக்குக் கேட்பதுதான் தொழில். காது மந்தமானவர்களுக்குக் கருவி பொருத்துகிறாள். என் வலது காதில் இருப்பதும் அவள் பொருத்தியதுதான். கேட்டுக் கேட்டு அவளுக்குள் என்ன சேர்ந்ததோ, ஒருநாள் நாடகம் எழுத உட்கார்ந்துவிட்டாள். காலையிலிருந்து மாலைவரை ஒருவன் யார் யாரோடு பேசுகிறானோ அவரவருக்குத் தக்கபடி மொழியையும் குரலையும் மாற்றிக்கொண்டே போகிறான். கடைசியில் வீட்டுக்கு வந்து கதவைத் திறக்கிறான். மனைவி மேஜையருகே உட்கார்ந்திருக்கிறாள். இதுதான் நாடகம்.

எங்கள் நாடகக் குழுவின் இயக்குநர் ஒரு பல் மருத்துவர். எல்லாரும் டாக்டர் என்றுதான் கூப்பிடுவோம். கிளினிக்கை மூடிவிட்டு ஆறு மணிக்கு ஒத்திகைக்கு வருவார். ஒத்திகை, ஒரு மெத்தைக் கடையின் மாடியில். கீழே பஞ்சு அடைப்பார்கள், மேலே நாங்கள் தும்முவோம். "வாயை நல்லாத் தொறங்க, இன்னும் தொறங்க" என்பது டாக்டர் நடிகர்களுக்குச் சொல்லும் ஒரே யோசனை. அதுவரை எழுதியிருந்த பிரதியைப் படித்ததும், மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, எங்களோடு வந்திருந்த என் மாப்பிள்ளையைப் பார்த்தார். "இவர விட்டா ஆளே கிடையாது."

மாப்பிள்ளைக்கு ஒன்றும் உறைக்கவில்லை. பிரதியை வீட்டுக்கு எடுத்துவந்து இரண்டு முறை படித்தார். மனைவியிடம், "நல்லா எழுதியிருக்கே. ஆனா இப்படி ஒரு ஆள் நிஜத்துல இருப்பானா?" என்றார். பிறகு என்னிடம் வந்து, "மாமா, பாத்திரப் படைப்பு சற்றே மிகையாக உள்ளதோ?" என்றார்.

"நாடகமென்றால் அப்படித்தான் இருக்கும்" என்றேன்.

நான் நாடகத்தில் வசனம் எடுத்துக்கொடுப்பவன். நாற்பது வருடங்களாகப் பக்கத் திரைக்குப் பின்னால், ஒரு முக்காலியில், பிரதியும் டார்ச்சுமாக உட்கார்ந்திருக்கிறேன். ஒருமுறை மேடையிலேயே தூங்கிவிட்ட ஒரு நடிகரை எழுப்பாமலே முழுக் காட்சியையும் நடிக்க வைத்தேன். அந்த வருடம் அவருக்குத்தான் பரிசு. மேடையேறி வாங்கிக்கொண்டு, எதற்கு என்று கேட்டார். அப்படிப்பட்ட எனக்கே ஒரு சோதனை வந்தது.

நாடகத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது, காலையில் சமையலறையில் மகள் மெதுவாகப் பேச்சை எடுத்தாள்.

"அப்பா, அறுபத்தோரு பக்கம் முடிஞ்சுது. கடைசிப் பக்கம்தான் வரல."

"ஏன்?"

"அதுல அவன் வீட்டுக்கு வந்து பொண்டாட்டிகிட்டப் பேசணும்."

"பேசட்டுமே. யார் வேணாங்கறா?"

"எப்படிப் பேசுவான்னு எனக்குத் தெரியலப்பா." பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்தாள். "மத்ததெல்லாம் சுவர் வழியா கேட்டு எழுதினேன். இதக் கேட்டதே இல்லையே. எங்கிட்ட வரும்போது அவர் ஒரு ஃபோன வெச்சிருப்பார், அடுத்த ஃபோன எடுக்கப் போயிட்டிருப்பார்."

நான் காப்பியை ஆற்றிக்கொண்டிருந்தேன். அவள் நிறுத்தவில்லை.

"இன்னொண்ணுப்பா. எனக்கு வேற ஊர்ல வேலை வந்திருக்கு. புது கிளினிக், நான்தான் பொறுப்பு. ரெண்டு வருஷம். நாடகத்துக்கு மறுநாள் திங்கக்கிழமை, அன்னிக்கிக்குள்ள பதில் சொல்லணும்."

"மாப்பிள்ளைகிட்டச் சொன்னியா?"

"சொன்னேன். ஹெட்செட்டக் கூடக் கழட்டல. 'ஷ்யூர், நோட் பண்ணிக்கறேன். வேற ஏதாவது உதவி வேணுமா?'ன்னார்."

"நீ என்ன சொன்ன?"

"'இல்ல, தேங்க்ஸ்'னுட்டு வந்துட்டேன்."

நான் எழுந்துபோய் ஃப்ரிட்ஜ் மேல் ஒட்டியிருந்த காலண்டரைப் பார்த்தேன். அந்தத் திங்கட்கிழமைக் கட்டத்தில், மாப்பிள்ளையின் சின்ன எழுத்தில், "வேறு ஊர் — பதில்" என்று குறித்திருந்தது. கீழே "கேஸ் சிலிண்டர்".

"போறதா இருக்கறதான்னு நான் ஒருத்தியே முடிவு பண்ணிடலாம்ப்பா" என்றாள் மகள். "ஆனா அவர் என்ன நினைக்கிறார்னு ஒருதடவ கேட்டுட்டுப் பண்ணணும். மேனேஜருக்கு ஒரு குரல் இருக்கு, அத்தைக்கு ஒண்ணு இருக்கு, உங்களுக்குக் கூட ஒண்ணு இருக்கு. எனக்கு?"

நான் காலண்டரில் அந்தக் கட்டத்தை மறுபடி ஒருமுறை படித்தேன்.

பத்து நாள் இருக்கும்போது, மனைவியாக நடிக்க வேண்டிய வங்கிக்காரப் பெண்ணுக்கு மாற்றல் வந்துவிட்டது. டாக்டர் என் மகளையே நிறுத்திவிட்டார். "எழுதினவங்களுக்கு மனப்பாடம் பண்ற வேலை மிச்சம்." ஒத்திகை ஒவ்வொரு நாளும் அறுபத்தோராம் பக்கத்தில் வந்து நின்றது. மாப்பிள்ளை கதவைத் திறப்பார், மகள் நிமிர்ந்து பார்ப்பாள், இருவரும் அப்படியே நிற்பார்கள்.

"கடைசிப் பக்கம் எங்கம்மா?" என்பார் டாக்டர்.

"வருது டாக்டர்."

"ஞானப்பல்லே முளைச்சிருக்கும் இதுக்குள்ள."

மாப்பிள்ளைக்குக் கவலையே இல்லை. "என்ன சொல்லணுமோ அது ஸ்கிரீன்ல வரும், நான் படிப்பேன். எட்டு வருஷமா அதான் என் பொழப்பு. மாமா எடுத்துக் குடுத்தா சொல்லிட்டுப் போறேன்" என்றார் டாக்டரிடம்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. மாலை நான்கு மணிக்கு முதல் காட்சி; ஞாயிறுதோறும் எட்டு வாரம் போடுவதாக ஏற்பாடு. அன்று காலை மகள் என் காதுக் கருவிக்குப் புது பேட்டரி போட்டு, ஒலியைச் சரிபார்த்து, பிரதியையும் கையில் கொடுத்தாள். புரட்டிப் பார்த்தேன். கடைசித் தாளில் "62" என்ற எண் இருந்தது. வேறொன்றும் இல்லை.

"அப்பா, இத அப்படியே வைங்க."

"டாக்டர் கேட்டா?"

"பேப்பர் அப்பா கையில இருக்குன்னு சொல்லிட்டேன். பொய் இல்லையே?"

"பொய் இல்ல. நான் மாப்பிள்ளைக்கு என்னத்த எடுத்துக் குடுக்கறது?"

"ஒண்ணும் குடுக்காதீங்க."

நாற்பது வருடத்தில் என்னிடம் யாரும் கேட்காத உதவி. சரி என்றேன். பெற்ற மகள் கேட்கிறாள். அதோடு, எனக்கும் பார்க்க ஆசையாக இருந்தது.

அரங்கம் முக்கால்வாசி நிறைந்தது. முதல் வரிசையில் சம்பந்தியம்மா. அவருக்குப் பின்னால் மாப்பிள்ளையின் மேனேஜர், மனைவியோடு. மேனேஜர் காட்சியில் மேனேஜர்தான் அதிகம் சிரித்தார். "அப்படியே எங்க பழைய மேனேஜர்" என்று மனைவியிடம் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அம்மாவோடு பேசும் காட்சியில் சம்பந்தியம்மா பக்கத்து நாற்காலிப் பெண்ணிடம், "அந்தப் பையன் எப்படிப் பொய் சொல்றான் பாருங்க. பாவம் அவனப் பெத்தவ. என் பிள்ளைக்குப் பொய்யே வராது" என்றார். மேடையில் நிற்பதும் அவர் பிள்ளைதான் என்பது அந்த நேரத்தில் அவருக்கு மறந்திருந்தது. அவ்வளவு நல்ல நடிப்பு.

அறுபத்தோராம் பக்கம் முடிந்தது. மாப்பிள்ளை கையில் ஒரு பையோடு கதவைத் திறந்து உள்ளே வந்தார். மேஜை, இரண்டு நாற்காலி, ஒரு தண்ணீர்ச் செம்பு. மகள் நிமிர்ந்து பார்த்தாள். மாப்பிள்ளை பழக்கப்படி என் பக்கம் கண்ணைத் திருப்பினார். நான் அறுபத்திரண்டாம் பக்கத்தைத் தூக்கி, டார்ச் அடித்துக் காட்டினேன்.

வெள்ளைத் தாள்.

திரை திடீரென்று அணைந்துபோன கணினியைப் பார்ப்பதுபோல் அதைப் பார்த்தார். பிறகு மனைவி பக்கம் திரும்பி, தொழில் கைவிடவில்லை, "ஒரு நிமிஷம் ஹோல்ட் பண்ண முடியுமா?" என்றார். அரங்கம் சிரித்தது. அவள் அசையவில்லை. "நான் சாப்ட்டேன்" என்றார், அம்மா குரலில். மறுபடி சிரிப்பு. "டேய்..." என்று ஆரம்பித்து நாக்கைக் கடித்துக்கொண்டார். பிறகு நெஞ்சை நிமிர்த்தி, "தாங்கள்..." என்றார். கூரை பறக்கிற மாதிரி சிரிப்பு. நான் மட்டும் சிரிக்கவில்லை. என் குரலை இத்தனை பேர் கேட்டுவிட்டார்களே என்று காது சுட்டது.

நான்கும் தீர்ந்துபோயின. அவர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். சிரிப்பு அடங்கியது. மேஜை மேல் குனிந்து, உதடு அசையாமல், அவளுக்கு மட்டும் கேட்கும்படி பேசினார். எனக்கும் கேட்டது. புது பேட்டரி.

"பேப்பர்ல ஒண்ணுமே இல்ல."

"தெரியும்."

"உங்கப்பா தொலைச்சுட்டாரா?"

"நான் எழுதல."

"ஏன்?"

"நீங்க என்ன சொல்வீங்கன்னு எனக்குத் தெரியல."

"நான் எதுக்கு? இந்த ஆளுதானே..." அங்கே நின்றார். கையிலிருந்த நாடகப் பையைப் பார்த்தார், கதவைப் பார்த்தார். "இது நானா?"

"அறுபத்தோரு பக்கமும்."

"எல்லாருக்கும் தெரியுமா?"

"டாக்டருக்குத் தெரியும். வாட்ச்மேனுக்குத் தெரியும்."

"அய்யோ."

பின்வரிசையிலிருந்து ஒருவர், "சத்தமாப் பேசுங்க சார்!" என்று கத்தினார். சம்பந்தியம்மா திரும்பி, "கொஞ்சம் சும்மா இருங்க. புருஷனும் பொண்டாட்டியும் பேசிக்கறாங்க" என்றார். அதற்கப்புறம் யாரும் மூச்சுவிடவில்லை.

"நாளைக்குத்தானே பதில் சொல்லணும்?" என்றார் மாப்பிள்ளை.

"ஞாபகம் இருக்கா?"

"நோட் பண்ணினேன்ல." செம்பை இந்தப் பக்கம் நகர்த்தினார், அந்தப் பக்கம் நகர்த்தினார். "அன்னிக்கு நீ வந்து சொன்னப்ப லைன்ல யாரும் இல்ல."

"என்னது?"

"ஹெட்செட் சும்மாதான் மாட்டியிருந்தேன். லைன்ல யாரும் இல்ல. நீ சொன்னதும் எனக்கு என்ன பேசறதுன்னே தெரியல. அதுதான் வாயில வந்துச்சு."

அந்தக் குரலை நான் முன்பு கேட்டதில்லை. கொஞ்சம் கரகரப்பு. சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவில் படி தவறுவது மாதிரி ஒரு தடுமாற்றம். விசேஷமான குரல் என்று சொல்ல மாட்டேன். அந்தக் குரலில் யாருக்கும் இணைப்பு விற்க முடியாது.

மகள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இப்ப சொல்லுங்க."

"போகாதன்னு சொல்லக் கூடாது. போன்னு சொல்ல வாய் வரல. எனக்குப் பயமா இருக்கு. நீ அந்தப் பக்கம் இருக்கேன்னுதான் நான் இந்தப் பக்கம் உக்காந்து நாளெல்லாம் பேசிட்டிருக்கேன். நீ கேக்கறேன்னு தெரியும்."

"தெரியுமா?"

"தும்முவியே."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்போடு வேறொன்றும் வந்தது, முந்தானையால் துடைத்துக்கொண்டாள். "எனக்குப் போகணும்னு இருக்கு" என்றாள். "ரொம்ப இருக்கு. ஆனா சொல்லாமக் கொள்ளாமப் போற மாதிரிப் போகப் பிடிக்கல."

"அப்ப போ." அவர் சட்டென்று சொல்லிவிட்டார், சொன்னதில் அவருக்கே ஆச்சரியம். "எனக்குப் பிடிக்கல. போ. ரெண்டும் நிஜம். ஞாயித்துக்கிழமை வந்துடு. ஷோ இருக்குல்ல."

கடைசிப் பக்கம் எப்போது முடிகிறது என்று விளக்குக்காரருக்கு டார்ச் அடித்துக் காட்ட வேண்டியவன் நான்தான். என் பக்கத்தில் எழுத்தே இல்லை. பேச்சு எனக்குச் சம்பந்தமில்லாத இடத்துக்குப் போகும்வரை காத்திருந்தேன். போயிற்று. டார்ச்சை இரண்டு முறை அடித்தேன். விளக்கு மெல்ல அணைந்தது.

கைதட்டலைப் பற்றி நான் சொன்னால் நம்ப மாட்டீர்கள், அதனால் விட்டுவிடுகிறேன். கீழ்த் தெருவில் நிறுத்தியிருந்த இரண்டு ஸ்கூட்டர்கள் சாய்ந்தன என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

டாக்டர் ஓடிவந்தார். "கடைசி சீன் பிரமாதம்! ஒரு வார்த்தைகூடக் கேக்கல, ஆனா பிரமாதம்! அந்தப் பேப்பரக் குடுங்க, காப்பி எடுக்கணும்." கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். "என்ன சார் இது?"

"கடைசிப் பக்கம், டாக்டர்."

"அப்ப என்னதான் பேசினாங்க? நீங்க பக்கத்துலதானே இருந்தீங்க. எழுதிக் குடுங்க, அடுத்த வாரம் அதையே வெச்சுக்குவோம்."

காதுக் கருவியைத் தட்டிக் காண்பித்தேன். "பேட்டரி போயிடுச்சு, டாக்டர்."

பின்னால் என் மகள் நின்றுகொண்டிருந்தாள். அன்று காலை பேட்டரி மாற்றியவள். ஒன்றும் சொல்லாமல் முகத்துப் பூச்சைத் துடைக்கப் போய்விட்டாள்.

திங்கட்கிழமை சரி என்று பதில் சொன்னாள். அடுத்த மாதம் போனாள். சனிக்கிழமை வருவாள், ஞாயிறு நடிப்பாள், திங்கள் விடியலில் பஸ் ஏறுவாள். எட்டுக் காட்சிகள் நடந்தன. அறுபத்திரண்டாம் பக்கம் எட்டு முறையும் வெள்ளையாகத்தான் இருந்தது, எட்டு முறையும் வேறாகத்தான் இருந்தது. ஒரு வாரம் அவளுடைய புது வீட்டின் ஜன்னலைப் பற்றிப் பேசினார்கள். ஒரு வாரம் வாஷிங் மெஷினை முன்னிட்டு நல்ல சண்டை. ஒரு வாரம் நான்கு நிமிடம் எதுவுமே பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள். அதற்குத்தான் பத்திரிகையில் பாராட்டு வந்தது. வாட்ச்மேன் தன் நோட்டில் ஐந்தை அடித்துவிட்டு ஆறு என்று திருத்தியிருக்கிறார். இரவு எட்டு மணிக்கு மேல் வீட்டில் புதிதாக ஒருவர் ஃபோனில் பேசுகிறாராம்.

முதல் காட்சி முடிந்த அன்று நடந்த ஒன்றை விட்டுவிட்டேன். எல்லாரும் கலைந்த பிறகு, நான் முக்காலியை மடக்கிக்கொண்டிருந்தேன். மாப்பிள்ளை பாதி பூச்சோடு வந்து நின்றார்.

"மாமா..." என்றார்.

நிறுத்தினார். தொண்டையைக் கனைத்தார். எனக்கு என்ன வருகிறது என்று புரிந்தது. அவர் முயற்சி செய்கிறார். நான் டார்ச்சை அணைத்துவிட்டு, ஒன்றும் எடுத்துக்கொடுக்காமல் காத்திருந்தேன். என் பங்குக்கு நானும் மனதுக்குள், "என்ன மாப்ள, டீ குடிக்கலாமா?" என்று இரண்டு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

"மாமா, தேநீர் அருந்துகிறீர்களா?" என்றார்.

"அருந்துவோம்" என்றேன்.